உங்க ஊருக்கு டீம் வந்தா

பொம்மனஹள்ளி, பெங்களூரு
3 செப்டம்பர் 2025

ரஞ்சிதா,

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நான் ‘ம்’, ‘சரி’, ‘அப்புறம்’ என்பவற்றைத் தாண்டமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். விடுதி அறையில் என்னோடு இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விழும்படி பேச இன்னும் பழகவில்லை. நீயோ கம்பெனி வாசலில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறவள். வெளியே வந்து பார்த்தாலும், நான் எதை அனுப்பியிருந்தாலும், கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். இதற்குக் கட்டைவிரல் போதாது.

லீக் அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை யார் எத்தனை பந்து போட்டார்கள் என்று கணக்குச் சேர்ப்பதுதான் வேலை. கல்லூரியில் பெஞ்சில் உட்கார்ந்து உனக்காகச் செய்ததை இங்கே சம்பளத்துக்குச் செய்தேன். இப்போது வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். லீகில் ஆறு நகரங்களின் கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. அடுத்த வருடம் இன்னும் இரண்டு நகரங்களைச் சேர்க்கப் போகிறார்கள். பேச்சில் இருப்பவை நான்கு: சேலம், மங்களூரு, திருநெல்வேலி, ஓசூர்.

ஆமாம், ஓசூர்தான். மீட்டிங்கில் அந்தப் பெயரைச் சொன்னபோது நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் முகத்தில் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

பணம் போட ஓசூரில் கம்பெனிகள் தயாராக இருக்கின்றன. ஜனங்கள் வருவார்களா என்பதுதான் ஆனந்தராஜ் சாரின் சந்தேகம். அவர்தான் எனக்கு மேலே இருப்பவர். அதனால் நான்கு நகரங்களிலும் ஜனங்களிடம் நேரில் கேட்கப் போகிறோம். சார் ஆங்கிலத்தில் கொடுத்ததை மங்களூருக்கு வேறொருவர் கன்னடத்தில் எழுதினார், மற்ற ஊர்களுக்கு நான் தமிழில் எழுதினேன். “உங்க ஊருக்குக் கூடைப்பந்து டீம் வந்தா, டிக்கெட் வாங்கிப் பாக்கப் போவீங்களா?” அவ்வளவுதான். ஆம், இல்லை என்று குறித்தால் போதும். எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கவேண்டும், விளக்கம் எதுவும் சொல்லக்கூடாது. அது கண்டிப்பு.

ஓசூரில் நிற்க எங்களுக்கு ஆள் இல்லை. நீயும் உங்கள் கம்பெனி டீம் பெண்களும் கேட்டுத் தருவீர்களா? ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் நிறுத்தங்களில் நின்றால் போதும்.

இன்னொன்று. புதிதாக வரும் ஒவ்வொரு ஊரும் பெண்கள் அணியும் வைக்கவேண்டும். அதில் இரண்டு பேர் கட்டாயம் உள்ளூர்க்காரர்களாக இருக்கவேண்டும். அதைப் படித்ததும் யாரை நினைத்தேன் என்று எழுதத் தேவையில்லை.

ஹரிணி


மூக்கண்டப்பள்ளி
15 செப்டம்பர் 2025

ஏய் ஹரிணி,

உன் கடிதம் முப்பது கிலோமீட்டர் வர மூன்று நாள் எடுத்துக்கொண்டது. அத்திப்பள்ளியில் இறங்கி டீ குடித்துவிட்டு வந்திருக்கும்.

உன் வேலை முடிந்துவிட்டது. சிப்காட் இரண்டு பக்கமும் நின்றோம். லைனில் எட்டு மணி நேரம் நின்ற கால் மறுபடி பஸ் நிறுத்தத்தில் நிற்க மாட்டேன் என்றது, நிற்க வைத்தேன். ஓசூர் ஜனத்துக்கு இத்தனை வாய் என்று எனக்கே இப்போதுதான் தெரியும். தேனிக்காரர் ஒருவர் கேள்வியைக் கேட்டதும், “எங்க ஊருக்கா? பஸ்ஸே ரெண்டு நேரந்தான் வருது, டீம் எதுல வரும்?” என்றார். பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். ‘இல்லை’ போட்டேன். பரமக்குடி அக்கா ஒருத்தி, ஊருக்குப் போவதே பொங்கலுக்கு மட்டும்தான், அந்த இரண்டு நாளில் மாமியாரைப் பார்ப்பதா பந்தைப் பார்ப்பதா என்று கேட்டாள். அதற்கும் ‘இல்லை’. விளக்கம் சொல்லக்கூடாது என்று நீ எழுதியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு குறித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் கேட்டேன். பேச்சியம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? “ஏட்டி, நம்ம ஊர்ல பொட்டப்பிள்ள பந்து விளையாண்டா சும்மாவே வேடிக்கை பாப்பாக. துட்டு குடுத்தா பாப்பாக?” அதையும் ‘இல்லை’யில் சேர்த்துவிட்டேன். பெற்ற தாய் என்று பார்க்கவில்லை. நான் நேர்மையானவள்.

நிறைய ‘இல்லை’ வந்திருக்கிறது. மற்ற ஊர்களிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படித்தானே?

எனக்கு இருபத்தாறு ஆகிவிட்டது. காலையில் நான் எழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் முழங்கால் எழுந்திருக்கிறது. இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ. நகராட்சி மைதானத்தில் வளையம் சாய்ந்துபோய்க் கிடக்கிறது, சாய்ந்த வளையத்துக்கு ஏற்றபடி கையைப் பழக்கி வைத்திருக்கிறேன். நேரான வளையத்தில் ஒரு சீசன் ஆடவேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை. இதை நீ யாரிடமும் சொல்லாதே.

ரஞ்சி


பெங்களூரு
6 அக்டோபர் 2025

ரஞ்சிதா,

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக ஒத்திப்போட்டேன்.

எண்ணிக்கை வந்துவிட்டது. மற்ற மூன்று ஊர்களிலும் பாதிக்கு மேல் ஆம். ஓசூரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். கம்பெனிகள், சாலை, தங்கும் இடம் எல்லாவற்றிலும் நாம் முன்னால் இருந்தும், இந்த ஒன்றில் அடிக்குப் போய்விட்டோம்.

ஆனந்தராஜ் சார் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “பாவம், அது ஊரே இல்லம்மா. ஷிப்டு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பேச்சும் வரவில்லை. என் அப்பா பிறந்த ஊர் அது, அவர் அப்பா பிறந்த ஊர். சொல்லியிருக்கலாம். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடைசியில் முடிவு செய்வார்கள். இப்போதைக்கு ஓசூர் நான்காவது. மன்னித்துக்கொள்.

ஹரிணி


மூக்கண்டப்பள்ளி
13 அக்டோபர் 2025

ஹரிணிக்கு,

மன்னிப்பு எதற்கு? நீ என்ன செய்தாய்? நீ எதுவுமே செய்யவில்லை, அதுதான் விஷயம்.

வெயிலில் நின்றது நாங்கள். நீ அங்கே பேன் காற்றில் உட்கார்ந்து, அவர் ஊரே இல்லை என்று சொல்லும்போது மூடியைத் திருகினாய். கல்லூரியில் நடுவர் என் மேல் தப்பாக பவுல் கொடுத்தபோதும் உன் கையில் இருந்த ஸ்கோர் புத்தகத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தாய். எழுந்து போய்க் காட்டவில்லை. எழுதியது எழுதியபடி இருந்தது, நாம் தோற்றோம். உனக்கு நிஜம் எப்போதும் தெரியும் ஹரிணி, யாருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை.

பூபதி மாமா மகனுக்கு என்னைக் கேட்கிறார்கள். அவர் என் அம்மாவின் தம்பி, சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். ஓசூருக்கு டீம் வருகிறது, ஒரு வருடம் பொறு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். இனி என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறோம். தீபாவளி முடிந்து லீவு தீர்ந்ததும்தான் வருவோம். அதுவரை கடிதம் எதுவும் எழுதாதே, வீடு பூட்டியிருக்கும்.

ரஞ்சிதா


பாகலூர் ரோடு, ஓசூர்
21 அக்டோபர் 2025

ரஞ்சிதா,

எழுதாதே என்றாய். எழுதி உன் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.

பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தேன். நீ இல்லை என்று தெரிந்தும் நேற்று மூக்கண்டப்பள்ளிக்கு வந்து பார்த்தேன். உன் தெருவில் ஒரு வெடிச்சத்தம் இல்லை. வரிசையாகப் பூட்டுகள். முனையில் திம்மராயன் அண்ணன் டீக்கடை மட்டும் திறந்திருந்தது. அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், உள்ளூர். ஒரு டீ வாங்கிக்கொண்டு, யாரையும் காணோமே என்று கேட்டேன்.

“எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்கம்மா” என்றார். “இந்த ஊர்ல இப்ப நானும் இந்த நாயுந்தான்.”

டீ ஆறும்வரை அப்படியே நின்றேன். ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த ஊரில் நாயும் அவரும். ஒரே மூச்சில் இரண்டு ஊர் சொல்கிறார், அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

ரஞ்சிதா, உன் செப்டம்பர் கடிதத்தை எடுத்துவந்து மறுபடி படித்தேன். பஸ் இரண்டு நேரம்தான் வருகிறது என்றாரே தேனிக்காரர், அவர் எந்த ஊரைச் சொன்னார்? ஓசூருக்கா இரண்டு பஸ்? பரமக்குடி அக்கா பொங்கலுக்குப் போவது எந்த ஊருக்கு? உன் அம்மா ‘நம்ம ஊர்ல’ என்றது எதை? அவர்களிடம் நாம் ஓசூரைப் பற்றிக் கேட்கவே இல்லை. உங்க ஊருக்கு டீம் வந்தா என்று கேட்டோம். அவரவர் ஊரைப் பற்றி அவரவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சேலத்துக்காரனுக்கு ஊர் சேலம், திருநெல்வேலிக்காரனுக்குத் திருநெல்வேலி. அங்கெல்லாம் அந்த வரி சரியாக வேலை செய்தது. அதை எழுதினவள் நான். எனக்கு ஊர் என்றால் ஓசூர், வேறொன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. ‘ஊருக்கு எப்ப வர்ற?’ என்று அப்பா போனில் கேட்டால் இந்த வீட்டைத்தான் சொல்கிறார். நீ நாலு வருடம் என்னோடு படித்தாய், ஒவ்வொரு லீவிலும் ‘ஊருக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். எனக்கு அது காதில் விழவே இல்லை.

உனக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. உனக்கும் அந்தப் பதில்கள் சரியாகத்தான் பட்டிருக்கின்றன.

அலுவலகம் திறந்ததும் சாரிடம் சொல்வேன்.

ஹரிணி


மூக்கண்டப்பள்ளி
30 அக்டோபர் 2025

ஹரிணி,

கதவைத் திறந்ததும் அப்பா உன் கடிதத்தின் மேல் பெட்டியை வைத்துவிட்டார். பிறகுதான் எடுத்தோம். படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. இரண்டுக்கும் நடுவில் அம்மாவிடம் கேட்டேன்: அன்றைக்கு டீம் வந்தால் பார்ப்பாயா என்று கேட்டேனே, எந்த ஊரை நினைத்துச் சொன்னாய்? “நம்ம ஊரத்தான். நீ ஓசூரையா கேட்ட? அப்படி வெளங்குற மாதிரி கேக்கத் தெரியாதாக்கும்” என்றாள். ஓசூரில் என்றால் வருவாயா என்றேன். ஊரிலிருந்து வர பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் பாதி டிக்கெட்டுக்கு நின்றால் போதும், வருவேன் என்றாள்.

அப்பா அதற்கு மேல். பொன்னுசாமி இந்த ஊருக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. ரேஷன் கார்டு இங்கே, ஓட்டு இங்கே. ஆனாலும் நேற்று பஸ் கிருஷ்ணகிரி தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டதற்கு, சங்கரன்கோவில் பக்கம் என்றுதான் சொன்னார்.

உன் சாருக்கு நீ கடிதம் எழுதப் போகிறாய் என்று நினைக்கிறேன். எழுதாதே. நேரில் போய் நின்று சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

மாமா மகனைப் பார்த்தேன். நல்ல மாதிரிதான் தெரிகிறான். பந்து என்றால் கிரிக்கெட்டா என்று கேட்டான். தை பிறக்கட்டும், சொல்கிறேன் என்றேன்.

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன். கொஞ்சம்தான்.

ரஞ்சி


பெங்களூரு
6 நவம்பர் 2025

ரஞ்சி,

சொன்னேன். கதவைத் தட்டி உள்ளே போய், நின்றுகொண்டே. தமிழில் தொடங்கி, பாதி வழியில் ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்தேன். குரல் நடுங்கியது, நீ சொன்னபடி நடுங்கவிட்டேன்.

ஆனந்தராஜ் சார் கெட்டவர் இல்லை, களைத்தவர். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, தன் சொந்த ஊர் கும்பகோணம் என்றும், அங்கே போய்ப் பத்து வருடம் ஆகிறது என்றும், இருந்தும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வதாகவும் சொன்னார். நான் சொன்னது புரிந்துவிட்டது. ஆனால், “ஓசூர்ல மட்டும் திருப்பிக் கேட்டா மத்த மூணு ஊரும் சண்டைக்கு வரும்மா” என்றார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார். வருகிற பதினாறாம் தேதி. நானே வருகிறேன். கேள்வி இப்படி: “இங்க, ஓசூருக்கு டீம் வந்தா பாக்க வருவீங்களா?”

டீம் பெண்களைக் கூப்பிடு. டீ என் செலவு.

ஹரிணி


பெங்களூரு
28 நவம்பர் 2025

ரஞ்சி,

அந்த ஞாயிறு எப்படி இருந்தது என்று உனக்கு எழுதத் தேவையில்லை. அதே தேனிக்காரர், “டிக்கெட்டு எவ்ளோன்னு சொல்லு, ரூம்ல ஆறு பேரு இருக்கோம்” என்று கேட்டபோது நீ திரும்பி என்னைப் பார்த்தாயே, அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நூற்றுக்கு அறுபத்தொன்று. சேலத்தைவிட அதிகம்.

நேற்று முடிவு செய்துவிட்டார்கள். மங்களூரு, திருநெல்வேலி.

இரண்டாவது முறை கேட்டதை முடிவெடுக்கும் குழு சேர்த்துக்கொள்ளவில்லை. ஓர் ஊரில் இருமுறை கேட்டால் அது ஒப்பீடு ஆகாதாம். பெங்களூரு அணியின் முதலாளி, ஓசூர் ஜனங்கள் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் எங்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள், தனியாக ஓர் அணி எதற்கு என்றார். இந்தமுறை நான் பேசினேன். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்ட ஆகும் நேரத்தைச் சொன்னேன். சிரித்தார்கள். நல்லவிதமாகத்தான் சிரித்தார்கள். முடிவு மாறவில்லை.

ஆனால் இதைக் கவனமாகப் படி. திருநெல்வேலி அணிக்கும் இரண்டு உள்ளூர் வீராங்கனைகள் வேண்டும். உள்ளூர் என்றால் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது இல்லை, சொந்த ஊர். திருநெல்வேலி, தென்காசி இரண்டு மாவட்டமும் செல்லும். சான்றிதழ் எதுவும் கேட்கப்போவதில்லை, தேர்வு நாளில் சொந்த ஊர் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். சங்கரன்கோவில் தென்காசியில்தான் இருக்கிறது, ரஞ்சி.

இது ஏமாற்று இல்லை. நீயே எத்தனையோ முறை சொன்ன பதில்தான். தேர்வு ஜனவரி நான்கு, பாளையங்கோட்டையில். அந்தப் பக்கத்தில் இதுவரை பதிந்தவர்களின் ஆட்டக் கணக்கைப் பார்த்தேன். உனக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. போ.

ஹரிணி


மூக்கண்டப்பள்ளி
9 டிசம்பர் 2025

ஹரிணி,

இரண்டு நாள் லைனில் நின்றபடி யோசித்தேன். ஒரு பீஸ் கோணலாகப் போனது, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அங்கே ஊரில் கோயில் கொடைக்குப் போனால் சின்னப்பிள்ளைகள் என்னை ‘ஓசூர் அக்கா’ என்கிறார்கள். என் பேச்சைக் கேட்டு அத்தைமார்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். இங்கே வாடகை வாங்கும் வீட்டுக்காரர் எங்களைத் ‘திருநவேலிக்காரங்க’ என்கிறார். எங்கே போனாலும் நான் அடுத்த ஊர்க்காரி. இப்போது அதற்கு ஒரு லாபம் இருக்கிறது என்கிறாய்.

அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். நம்ம ஊரே கூப்பிடுது பாத்தியா என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். மாமாவும் மைதானத்துக்கு வருகிறாராம். டிக்கெட் போட்டாயிற்று. போகிறேன்.

ரஞ்சி


மூக்கண்டப்பள்ளி
7 ஜனவரி 2026

ஹரிணி,

உன் ஆபீசில் இதற்குள் தேர்வுப் பட்டியலைப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு என்ன ஆனது என்று புரியாமல் உட்கார்ந்திருப்பாய். அதனால் எழுதுகிறேன்.

இராத்திரி பஸ்ஸில் போய் இறங்கினோம். முழங்கால் விறைத்துப்போயிருந்தது. மைதானத்து வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், உன்னைப் போலவே தலை நிமிராத ஒருத்தி. பெயர் கேட்டாள், சொன்னேன். வயது கேட்டாள், சொன்னேன். “உங்க ஊரு?” என்றாள்.

“ஓசூர்” என்றேன்.

யோசிக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. பின்னால் நின்ற மாமா தொண்டையைச் செருமினார். அந்தப் பெண் நல்லவள், நிமிர்ந்து பார்த்து, “சொந்த ஊரே ஓசூருதானா?” என்று இன்னொருமுறை கேட்டாள். மாற்றிச் சொல்ல ஒரு வார்த்தை போதும். வழி முழுக்க பஸ்ஸில் அம்மா அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தாள். “ஆமா” என்றுதான் சொன்னேன்.

வெளியூர் வரிசையில் நிற்கவைத்தார்கள். ஆடினேன். வளையம் நேராக இருந்தது, என் கைதான் சாய்ந்திருந்தது. முதல் நான்கைந்து பந்து வெளியே போனது, அதற்குப் பிறகு சரியானது. அதற்குள் அவர்கள் பார்க்கவேண்டியதைப் பார்த்து முடித்துவிட்டார்கள். வெளியூர் ஆட்களில் நால்வரை எடுத்தார்கள். நான் இல்லை. உள்ளூர் இரண்டு பேரையும் பார்த்தேன். சின்னப் பெண்கள், சுமாராக ஆடினார்கள். நீ கணக்குப் பார்த்துச் சொன்னது சரிதான்.

திரும்பி வரும்போது தர்மபுரியில் டீ குடிக்க நிறுத்தினபோது அம்மா கேட்டாள். “பொய் சொல்லச் சொல்லலையேட்டி. அதுவும் நெசந்தான?”

“அதுவும் நெசந்தான்மா” என்றேன். அவள் டீயை ஆற்றி என் கையில் கொடுத்தாள்.

மாமா வீட்டுப் பேச்சு தானாக நின்றுவிட்டது. சொந்த ஊரைச் சொல்ல வாய் வராதவள் நாளைக்குப் புருஷன் பெயரை எப்படிச் சொல்வாள் என்று அத்தை கேட்டாளாம். நியாயமான கேள்விதான்.

திங்கட்கிழமையிலிருந்து முதல் ஷிப்ட். உனக்காக வருத்தப்பட்டு எழுதாதே, எனக்காகவும் எழுதாதே. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மைதானத்தில் இருப்பேன், அந்தச் சாய்ந்த வளையத்தில் கை மறுபடி பழகவேண்டும்.

அடுத்த தடவை உங்கள் லீக் இந்தப் பக்கம் கேட்க வந்தால், கேள்வியை மாற்றாதே. ‘உங்க ஊருக்கு’ என்றே எழுது. என்னிடமும் ஒருமுறை கேள்.

ரஞ்சி